எங்கள் சந்தின் வளைகாப்புகள்

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஆள் யாராவது எங்கள் சந்துக்குள் நுழைந்தால் உடனே அங்கே ஒரு வளைகாப்பு நடக்கும்.

தாராவியில் இந்தச் சந்தில் ஏழெட்டு வீடுகளில் முறுக்கு சுடுகிறார்கள். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். கீழே ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை; ஏணி வைத்து ஏறினால் மேலே பரண் மாதிரி ஒரு மாளா. கீழே அடுப்பு எரியும், மேலே குடும்பம் படுத்திருக்கும். வீட்டுச் சிலிண்டரிலும் வீட்டுக் கரண்டிலும் தொழில் செய்யக் கூடாது என்பது சட்டம். சிலிண்டரைப் போர்வை போட்டு மூடிவிடலாம். மாவு மூட்டை மேல் ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் பாடம் படிக்கச் சொல்லலாம். எண்ணெய் வாசனையை என்ன செய்வது? அதற்குத்தான் வளைகாப்பு. முக்கு வீட்டுக் கீதா ஒரு தட்டில் முறுக்கும் குங்குமமும் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "கர் மே ஃபங்ஷன் ஹை சாப்", வீட்டில் விசேஷம் என்பாள். வந்தவர் ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே போய்விடுவார். கீதாவின் பிள்ளைகள் காலேஜில் படிக்கிறார்கள். ஆனாலும் ஆபீஸ்காரர்களைப் பொறுத்தவரை அவள் எப்போதும் மாசமாகத்தான் இருந்தாள்.

நான் பேராச்சி அக்கா வீட்டு மாளாவில் வாடகைக்கு இருக்கிறேன். டிராம்பேயில் ஒரு காண்ட்ராக்டரிடம் ஸ்டோர் கீப்பர் வேலை. சயான் வரை நடந்து, அங்கே பஸ் பிடித்து, செம்பூர் தாண்டிப் போக வேண்டும். மழைக்காலத்தில் போவதற்கே பாதி நாள் போய்விடும். திரும்பி வந்து ஏணியில் ஏறும்போது கால் கெஞ்சும்.

"பஸ்ஸுக்கு வாக்கப்பட்டவன் வந்துட்டான்" என்பாள் அக்கா. "ஸ்டெர்லின் தம்பி, அந்தக் கருகுன ஈடு அப்படியே இருக்கு. திங்கியா?"

அக்கா எங்கும் போவதில்லை. அவள் புருஷன் பிரம்மநாயகம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் வராது. அடுப்புக்கு எதிர்ச் சுவரோரம் அவர் கட்டில். அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அது பரவாயில்லை. எச்சில் புரையேறினால்தான் ஆபத்து. உடனே தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூச்சு அடைத்துவிடும். போன வருஷம் அக்கா குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் அப்படி ஆகி, உதடு நீலம் பூத்துவிட்டது. அதிலிருந்து தண்ணீர்கூட நான்தான் பிடித்து வைக்கிறேன். ஒரு ஈடு பிழிந்து எண்ணெயில் விடுவாள், திரும்பிக் கட்டிலைப் பார்ப்பாள். வெந்ததை அரித்து எடுப்பாள், திரும்பிப் பார்ப்பாள். அவள் கழுத்து இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கும்.

எங்கள் சந்தோடு சேர்த்து நாலைந்து சந்துகளை இடித்துக் கட்டப் போவதாக ஒரு கம்பெனி வந்தது. முதலில், ஆட்களைப் பன்வேல் தாண்டி எங்கோ கொண்டுபோய் உயரமான பில்டிங்கில் வைப்பதாகத்தான் பேச்சு. பிறகு, இங்கேயே கட்டலாம் என்று ஆனது. அதற்குக் காரணம் கம்பெனிக்குக் கட்டடப் படம் போடுகிற விஜயலட்சுமி என்று சொன்னார்கள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. நாற்பதைத் தொட்ட வயது. தோளில் எப்போதும் ஒரு பெரிய பை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவள் சந்து சந்தாக நடந்தே பார்த்தாள். பால் எங்கே வாங்குகிறோம், பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகின்றன, பெண்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று கேட்டாள். நல்ல கேள்விகள்தான். ஆனால் கழுத்தில் அட்டை இருந்தது.

"வாங்க மேடம், வாங்க. நல்ல நேரத்துல வந்திய. நம்ம வீட்டுல வளைகாப்பு" என்று கீதா தட்டை நீட்டினாள். அந்தத் தடவை, தான் மாசம் என்று சொல்ல அவளுக்கே கூச்சமாகி, ஊரிலிருந்து வந்த தங்கச்சிக்கு என்று மாற்றிச் சொன்னாள். இரண்டாம் தடவை விஜயலட்சுமி வந்தபோது கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கி வந்திருந்தாள். கீதா வாங்கிக்கொண்டு உள்ளே போய், முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். மூன்றாம் தடவை யாருக்கோ சடங்கு என்று சொன்னார்கள். விஜயலட்சுமி முறுக்கைக் கடித்தபடி அந்தச் சந்தையே சுற்றிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

கட்டப் போவதற்கு ஒரு மாதிரி செய்து பள்ளிக்கூடத்து ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். தெர்மாகோலில் சின்னச் சின்ன வீடுகள். வானத்தைத் தொடுகிற பில்டிங் எதுவும் இல்லை, எல்லாம் நாலைந்து மாடிதான். நடுவில் நடக்கிற பாதை, கார் உள்ளே வராது. முக்குக்கு முக்குக் கடை. பள்ளிக்கூடம், கிளினிக், மாவு மில், எல்லாம் கூப்பிடு தூரம். எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. நம்மை யாரோ மனுஷராக நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அக்காவும் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவரைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு, கையில் மாவோடு ஓடி வந்தவள் எங்கள் சந்து இருக்கும் பக்கத்தைத் தேடினாள். வீடுகளுக்கு அடியில், தரைத்தளம் முழுக்க, ஒரு பெரிய கூடம் இருந்தது.

"இது என்னதும்மா?" என்று கேட்டாள்.

"ஹால்" என்றாள் விஜயலட்சுமி. "உங்க சந்துக்குன்னே. எப்பப் பார்த்தாலும் விசேஷம் நடக்கறதே, வெயில்லயும் சகதியிலயும் பண்றேளே. இனிமே இங்க பண்ணுங்கோ. எரநூறு பேர் உக்காரலாம்."

கீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் புருஷன் செல்வம் அவளை முறைத்தான்.

"தொழில் பண்றவாளுக்கு வேற இடம்" என்று விஜயலட்சுமி மேஜையின் அந்தக் கோடியைக் காட்டினாள். நைன்ட்டி ஃபீட் ரோட்டைத் தாண்டி, ரயில் லைன் ஓரம் ஒரு தனிக் கட்டடம். "தோல், தையல், பலகாரம், எல்லாம் அங்க. வீட்டுலேர்ந்து பத்து நிமிஷ நடை."

"வீட்டுல வச்சு அடுப்பு எரிக்க முடியாதோ?"

"சமைக்கலாம், தாராளமா. தொழிலுக்குக் கூடாது. மேல மாடியில வீடு, பைப் கேஸ். கம்பெனி விடமாட்டா."

அக்கா அந்தத் தெர்மாகோல் ரோட்டையே பார்த்தாள். பத்து நிமிஷம் என்பது எனக்கெல்லாம் ஒன்றுமே இல்லை. அவளுக்கோ குழாயடியே தூரம்.

சாயந்திரம் செல்வம் வீட்டு வாசலில் சந்து முழுக்கக் கூடியது. செல்வம் இருப்பதில் பெரிய ஆள். அவன் முறுக்கு செம்பூர், வாஷி வரைக்கும் போகிறது. பிரம்மநாயகம் அண்ணனுக்குச் சித்தப்பா மகன், அதனால் அக்காவை மைனி என்பான்.

"அந்த மேடத்துட்ட உள்ளதைச் சொல்லிருவோம்" என்றாள் அக்கா. "வளைகாப்பும் இல்ல, மண்ணும் இல்ல, அடுப்புத்தான்னு சொல்லிருவோம். அந்த மண்டபத்தை எடுத்துட்டு வீட்டுக்குக் கீழ ஆளுக்கொரு அடுப்படி குடுக்கச் சொல்லுவோம்."

"மைனி, நீங்க வெவரம் இல்லாம பேசுதிய" என்றான் செல்வம். "தொழில் நடக்குன்னு நம்ம வாயால சொன்னா, வீடுன்னு எழுத மாட்டான், கடைன்னு எழுதிருவான். கடைன்னு எழுதுனா வீடு கெடையாது. ஏதாவது ஒண்ணுதான். மீட்டர்காரன் வந்து பழைய கணக்கெல்லாம் நோண்டுவான். காலிபீலி லஃப்டா, வீண் வம்பு எதுக்கு?"

"நீ அந்த ரயில் லைன் ஓரத்துக் கட்டடத்துல மெஷின் போடலாம்னு பாக்க."

"பாக்கேன்தான். அதுல என்ன தப்பு? எம்புட்டு நாளைக்கு இந்தப் பொந்துக்குள்ளயே வேகுதது?"

அவன் சொன்னதும் நியாயம்தான். அவன் அம்மா இந்தச் சந்தில் புகை குடித்தே நெஞ்சுச் சளியில் செத்தாள்.

"அண்ணனைப் பாக்க ஒரு ஆளைப் போடுங்க மைனி. நாங்களும் மாத்தி மாத்திப் பாத்துக்கிடுதோம்."

"இன்னைக்கு அரை மணி நேரம் பாக்கச் சொன்னேன். அந்தப் பெரிசு தூங்கிட்டு" என்றாள் அக்கா. கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"அந்த மேடம் ஆபீசு செம்பூர்லதான இருக்கு. உன் பஸ்ஸு அந்த வழியாத்தான போவுது? எனக்குப் போவ முடியாது. நீ எறங்கிச் சொல்லிட்டுப் போயேன்."

"என்ன சொல்ல?"

"உள்ளதைச் சொல்லு."

"செல்வத்துக்குத் தெரிஞ்சா?"

"என் வீட்டைப் பத்தி மட்டும் சொல்லு. அவன் கதை அவன்கிட்ட இருக்கட்டும்."

விஜயலட்சுமியின் ஆபீஸ் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. அப்போதுதான் வந்திருந்தாள். இரண்டு ரயில் மாறி வருகிறவள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் சொன்னதைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"மூணு வாட்டியுமா?"

"ஆமா மேடம்."

"வளையல் வாங்கிண்டு வந்தேனே."

நான் சுவரைப் பார்த்தேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னாள். "நான் முதல்ல போட்ட படத்துல வீட்டுக்குக் கீழ வேலை பண்ற ரூம்தான் போட்டிருந்தேன். எல்லா இடத்துலயும் அப்படித்தான் போடுவேன். மாட்டுங்கால எங்க பில்டிங் அப்படித்தான் இருந்தது. கீழ பூக்கடை, டெய்லர், அப்பளம் போடற மாமி. பால் வாங்கணும்னா செருப்புக்கூட வேண்டாம். அதை இடிச்சாச்சு. இப்போ டோம்பிவிலி தாண்டி இருக்கோம். கொத்தமல்லி வாங்கணும்னாகூட ஆட்டோ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கம்பெனிக்காரா கேட்டா. இந்தச் சந்துல யார் வீட்டுலயும் தொழில் இல்லைன்னுதானே எல்லாரும் சொல்றா, எதுக்கு ரூம்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அதை விட்டுக் குடுத்துட்டுத்தான் அந்த ஹாலை வாங்கினேன். எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா அந்த ஹாலுக்கு?"

தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. எனக்கு நேரமாகிவிட்டது. எழுந்திருக்கவும் முடியவில்லை.

"இப்ப மாத்த முடியுமா மேடம்?"

"நான் சொன்னா கேக்க மாட்டா. அவாளே சொல்லணும். கடைசியா ஒரு வாட்டி மேனேஜர் வந்து பார்ப்பார். அவர் எதிர்ல சந்து முழுக்கச் சொன்னா ஹாலைத் தூக்கிட்டு ரூம் போடலாம். பாதிப் பேர் சொன்னாக்கூடப் போதும்."

அன்று வேலையில் சம்பளம் பிடித்துவிட்டார்கள். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. பாதிப் பேர் என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அக்கா, கட்டிலைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடி வந்தாள். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். "பாப்போம் அக்கா" என்றார்கள்.

மேனேஜர் வந்த நாளில் நான் அரை நாள் லீவு போட்டேன். காலையிலிருந்தே சந்தில் சத்தமில்லை. செல்வம் சொல்லி எல்லா அடுப்பையும் அணைத்திருந்தார்கள். தரையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள். எண்ணெய் வாசனைக்கு ஊதுபத்தி. மேனேஜர் ஐம்பது வயது மராட்டிக்காரர், வெயிலில் வெந்து போய் வந்திருந்தார், நல்ல மனுஷர் மாதிரிதான் தெரிந்தது. பின்னால் விஜயலட்சுமி.

பேராச்சி அக்கா வீட்டுக் கதவு மட்டும் அகலத் திறந்திருந்தது. உள்ளே எண்ணெய் கொதித்தது. சிலிண்டர் மேல் போர்வை இல்லை. அக்கா வியர்வை வழிய முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள்.

கீதா முக்கிலிருந்து தட்டோடு ஓடி வந்தாள். "சாப், கர் மே ஃபங்ஷன்..."

"ஃபங்ஷன் நஹி ஹை சாப்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "தந்தா ஹை. ரோஜ் கா தந்தா." விசேஷமில்லை, தினப்படித் தொழில் என்று பச்சையாகச் சொல்லிவிட்டாள்.

செல்வம் குறுக்கே வந்தான். "மைனி கொஞ்சம் மனசு சரியில்லாதவங்க சாப், வீட்டுக்காரருக்குச் சீக்கு" என்று ஹிந்தியில் சொன்னான். அவளைக் காப்பாற்றுவதாகத்தான் அவன் நினைத்தான்.

"எனக்கு மனசெல்லாம் நல்லாத்தான்டா இருக்கு" என்று அக்கா கண் கரண்டியைத் தட்டினாள். "அவர்ட்ட சொல்லு. இங்க எல்லா வீட்டுலயும் அடுப்பு இருக்குன்னு சொல்லு."

தன் வீட்டைப் பற்றி மட்டும் என்றுதான் முதலில் சொல்லியிருந்தாள். எண்ணெய்க்கு முன்னால் நின்று, கட்டிலையும் பார்த்து, வாய் தவறிவிட்டது போல. சந்தில் நின்றவர்கள் முகம் மாறியது.

மேனேஜர் திரும்பி எல்லாரையும் பார்த்தார். வேறு யார் வீட்டில் தொழில் நடக்கிறது என்று கேட்டார். பொறுமையாகவே கேட்டார். விஜயலட்சுமி ஒவ்வொரு வாசலாகப் பார்த்தாள். அவள் பார்வை போன இடத்தில் எல்லாரும் குனிந்தார்கள். கீதா தட்டிலிருந்த குங்குமத்தை விரலால் கிளறினாள்.

"ஒரு வீட்டுக்காகத் தரைத்தளம் முழுக்க மாற்ற முடியாது" என்றார் மேனேஜர். அவர் ஹிந்தியில் சொல்லச் சொல்ல நான் அக்காவிடம் தமிழில் சொன்னேன். "இந்த அம்மா தொழில் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் முக்கில் ஒரு கடை தரலாம். அடுப்பு எரிக்கலாம். ஆனால் வீடு கிடைக்காது. இல்லை, வாய் தவறிச் சொன்னேன் என்றால் வீடு. இரண்டில் ஒன்று."

"கடை தரையிலதான?" என்று அக்கா கேட்டாள்.

"தரையிலதான்."

"அதுல படுக்கலாமா?"

கேட்டுச் சொன்னேன். கடையில் குடியிருக்கக் கூடாது.

அக்கா ஒரு ஈட்டை அரித்து எடுத்துத் தட்டில் போட்டாள். திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் விழித்துத்தான் இருந்தார்.

"அப்ப கடை" என்றாள்.

"மைனி, புத்தி பெரண்டு போச்சா?" செல்வம் கத்தினான். அவன் கண் கலங்கியிருந்தது. "வீட்டை விட்டுட்டு எங்க போய்க் கெடப்பிய?"

"இப்ப மட்டும் எங்கல கெடக்கேன்? இந்த அடுப்படியிலதான?"

அதற்குப் பிறகு சந்தில் அக்காவிடம் யாரும் சரியாகப் பேசவில்லை. சண்டையும் இல்லை. எல்லா வீட்டிலும் அடுப்பு என்று சொல்லிவிட்டாளே என்ற பயம்தான். மீட்டர்காரன் வருவான் என்று சில நாள் காத்திருந்தார்கள். வரவில்லை. அடுப்புகள் மறுபடி எரிந்தன. கீதா மட்டும் ஒருநாள் வந்து, வாசலிலேயே நின்று, "நானாவது சொல்லியிருக்கணும் அக்கா, எங்க வீட்டுக்காரவிய முன்னால நாக்கு எழும்பல" என்றாள். அக்கா அவளுக்கு மாவு சலிக்கிற வேலை கொடுத்தாள்.

கடைக்கு மாளா கிடையாது என்று எனக்குத் தெரியும். கோவண்டியில் ஒரு இடம் பார்த்திருக்கிறேன்.

"உன்னைத்தான் தம்பி தொரத்துன மாதிரி ஆயிட்டு" என்றாள் அக்கா.

"அங்கேருந்து டிராம்பே கிட்டத்தான் அக்கா. பஸ்ஸுல உக்காந்தே போலாம்."

"அப்ப யாரைக் கருகுனதைத் திங்கச் சொல்லுவேன்?" என்றாள்.

போன வாரம் மத்தியானம் விஜயலட்சுமி தனியாக வந்தாள். கழுத்தில் அட்டை இல்லை. அக்கா ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். அவள் வேண்டாமென்று தரையிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சுருட்டின தாளை எடுத்து மடியில் விரித்தாள். முக்குக் கடையின் படம். அண்ணன் கட்டிலின் நீளத்தைக் கையால் சாண் போட்டு அளந்துகொண்டாள். பிறகு படத்தில், கடைக்குப் பின்பக்கம், ஒரு சுவர் இழுத்தாள்.

"இது என்னதும்மா?"

"ஸ்டோர்" என்றாள் விஜயலட்சுமி. "மாவு மூட்டை வைக்க. எல்லாக் கடைக்கும் ஒரு ஸ்டோர் குடுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா. அடுப்புலேர்ந்து பார்த்தா நேராத் தெரியும். கதவு வேண்டாம், திரை போதும்." கொஞ்சம் யோசித்தாள். "ஒரு ஜன்னலும் வெச்சுடறேன். ஆனா ஸ்டோருக்கு எதுக்கு ஜன்னல்னு கேப்பா. என்ன சொல்றதுன்னு தெரியலை."

"காத்து படலைன்னா மாவு வண்டு விழுந்து போவும்னு சொல்லுங்க" என்றாள் அக்கா, யோசிக்காமலே.

விஜயலட்சுமி அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். களைத்த முகம்தான், ஆனால் லேசாகச் சிரித்தாள். வலப்பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் போட்டாள்.

அக்கா கை மாவைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம்மா. அவியளுக்கு அந்தப் பக்கம் தல திரும்பாது. இந்தப் பக்கமா வையுங்க."

விஜயலட்சுமி ரப்பரைத் தேடிப் பைக்குள் கையை விட்டாள்.